கோலூன்றித் தாண்டுபவரின் கோல் எப்படி விமானம் ஏறுகிறது?

கோவை பீளமேட்டு விமான நிலையத்தில் வந்து நிற்கும் ஏர்பஸ் ஏ320 விமானம் தன் சொந்த எடை, பயணிகள், எரிபொருள், சரக்கு எல்லாம் சேர்த்து 79 டன் வரை எடையோடு கிளம்பக்கூடியது. கோலூன்றித் தாண்டும் வீராங்கனை ஒருவரின் கோல் இரண்டு, இரண்டரைக் கிலோதான் இருக்கும். கல்யாணத்துக்குப் போகும் குடும்பம் கொண்டுவரும் முப்பது கிலோ பெட்டி மறுபேச்சில்லாமல் பெல்ட்டில் ஏறிப் போய்விடுகிறது. இந்த இரண்டரைக் கிலோவைப் பார்த்ததும் செக்-இன் கவுண்டரில் இருப்பவர் எழுந்து நிற்கிறார், யாருக்கோ போன் போடுகிறார். நீளத்தைக் கேட்கிறார். எந்த விமானம் என்று திரும்பப் பார்க்கிறார்.

அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. பெரிய விளையாட்டுச் சாமான்களை விமானத்தில் ஏற்றும்போது தடையாக வருவது பெரும்பாலும் எடை இல்லை. வடிவக் கணிதம்தான். ஒரு வளைவு, ஒரு கதவு, ஒரு சுவர்: இந்த மூன்றையும் கடந்துவிட்டால் கோல் பறந்துவிடும். கடக்காவிட்டால், காசு எவ்வளவு கட்டினாலும் பறக்காது.

கோல் தொண்டாமுத்தூரிலிருந்து கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பீளமேடு சுமார் 25 கிலோமீட்டர். பாக்குத் தோப்பையும் தென்னந்தோப்பையும் தாண்டி, வடவள்ளி வழியாகவோ பேரூர் வழியாகவோ நகரத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் கிழக்கே வெளியே வர வேண்டும். இந்தப் பாதையிலேயே முதல் சிக்கல் தொடங்கிவிடுகிறது. காய்கறியும் வாழைத்தாரும் ஏற்றும் குட்டி யானை வண்டியின் தட்டு ஏழடிக்குச் சற்று அதிகம். கோலோ பெண்களுக்கு நான்கு மீட்டருக்கு மேல், ஆண்களுக்கு ஐந்து மீட்டரை ஒட்டி. அதாவது பதினாறடி. தட்டில் வைத்தால் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

கோல்ஃப் ஆடுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. கோவையில் செட்டிபாளையம் பக்கம் 18 குழி கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அங்கே ஆடுபவரின் பை காரின் பின்சீட்டில் குறுக்கே படுத்துவிடும். அதனால் எளிய பொருளிலிருந்தே ஆரம்பிப்போம்.

ஒரு கோல்ஃப் வீரர் ஒரு சுற்றுக்கு 14 கிளப்களுக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது என்பது விதி. அமெரிக்கச் சங்கம் 1938-லும் பிரிட்டனின் சங்கம் அதற்கு அடுத்த ஆண்டும் இதைக் கொண்டுவந்தன. கடைசியாகப் பந்தைக் குழிக்குள் தட்டும் பட்டர் தவிர, எந்த கிளப்பும் 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தொலைதூர அடிக்கு எடுக்கும் ட்ரைவர்தான் இருப்பதிலேயே நீளமானது. அதன் தலை வீங்கிய டைட்டானியக் கூடு. கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. எடை சுமார் இருநூறு கிராம். அந்தத் தலையைத் தாங்கும் தண்டு கிராஃபைட் இழைகளால் ஆனது, எடை அறுபது கிராம் அளவுக்குத்தான். பந்துகள், காலணி, குடை, உறை எல்லாம் சேர்த்தால் பை பதினைந்து கிலோவைத் தொடும்.

விமான நிறுவனங்கள் சாதாரணப் பெட்டிக்குப் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு, நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டர். கோல்ஃப் பயண உறையை அளந்தால் ஏறக்குறைய 130, 35, 35 வரும். கூட்டினால் 200. ஆக, எடையில் தேறிய பை அளவில் தேறவில்லை.

இங்கே இன்னொரு கணக்கும் குறுக்கே வருகிறது. விமானச் சரக்குத் துறையில் ஒரு பொருளின் எடையோடு, அது அடைத்துக்கொள்ளும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்ப்பார்கள். இடத்தை வைத்துக் கணக்கிடும் இந்த எடையைக் கொள்ளளவு எடை என்று சொல்லலாம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் வருவது கிலோ. கோல்ஃப் பைக்கு 26 கிலோவுக்கு மேல் வருகிறது. பெட்டியில் அடைத்த சைக்கிளுக்கு, 140, 80, 25 என்று வைத்தால், 46 கிலோவைத் தாண்டுகிறது. உண்மையில் அந்த சைக்கிள் பெட்டியோடு சேர்த்தே பதினைந்து கிலோதான் இருக்கும். மீதி முப்பது கிலோ வெறும் காற்று. விமானத்தின் அடிவயிற்றில் இடம் என்பது எடையைப் போலவே தீர்ந்துபோகும் சரக்கு. பஞ்சு மூட்டையை ஏற்றினாலும் இரும்புப் பெட்டியை ஏற்றினாலும் அந்த இடம் போனது போனதுதான்.

பயணியின் பைக்கு எல்லா நிறுவனங்களும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. பலர் விளையாட்டுச் சாமானுக்கு என்று ஒரே கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள். அதே பையைத் தனிச் சரக்காக அனுப்பினால் இந்தக் கணக்கு வந்து நிற்கும்.

கவுண்டரைத் தாண்டிய பெட்டிகள் எங்கே போகின்றன? ரப்பர் திரைக்குப் பின்னால் பெல்ட்டுகள் ஒன்றோடொன்று இணைந்து, வளைந்து, ஏறி, இறங்கி, எக்ஸ்-ரே குகைக்குள் நுழைந்து வெளியேறுகின்றன. ஒவ்வொன்றின் அகலமும் சுமார் ஒரு மீட்டர். செங்கோணத்தில் திரும்பும் ஒரு மீட்டர் அகலப் பாதையில், படுக்கை வாக்கில் வரும் எவ்வளவு நீளமான குச்சி சிக்காமல் திரும்பும்? கல்லூரியில் நுண்கணிதம் படித்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள். விடை 2.83 மீட்டர். அதற்கு மேல் ஒரு விரல் நீளம் கூடினாலும் குச்சி இரண்டு பக்கச் சுவரிலும் உள்மூலையிலும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்ளும்.

இந்த விடை நூல் மாதிரி மெலிந்த குச்சிக்கு மட்டுமே. பொருளுக்குத் தடிமன் இருந்தால், தடிமனைப் போல இரண்டு மடங்கை இதிலிருந்து கழிக்க வேண்டும். ஆண்கள் எறியும் ஈட்டி 2.6 முதல் 2.7 மீட்டர். தனியாக வந்தால் மயிரிழையில் திரும்பிவிடும். நான்கைந்து ஈட்டிகளை இருபது சென்டிமீட்டர் குழாயில் அடைத்தால் வரம்பு 2.43 மீட்டராகக் குறைகிறது. உடனே மாட்டிக்கொள்கிறது. எண்ணூறு கிராம் ஈட்டி ஒரு விமான நிலையத்தின் மொத்தப் பெட்டி ஓட்டத்தையும் நிறுத்திவிட முடியும். அதனால்தான் பெரிய சாமானுக்குத் தனி வாசல், கையால் தள்ளிக்கொண்டு போகும் தள்ளுவண்டி, தனிச் சோதனை.

கோல்ஃப் பை இந்த வளைவில் கணக்குப்படி தாராளமாகத் திரும்பும். ஆனாலும் அதையும் தனி வாசலுக்கே அனுப்புவார்கள். உருண்டை வடிவம் ஏற்றத்தில் உருளும். தொங்கும் பட்டை எங்காவது சிக்கும். கையோடு விமானத்துக்குள் எடுத்துப்போகலாமே என்றால், பாதுகாப்பு விதி விடாது. கோல்ஃப் கிளப், கிரிக்கெட் மட்டை, ஹாக்கி மட்டை எல்லாம் பயணியர் அறைக்குள் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருக்கின்றன. அடித்தால் ஆயுதமாகும் எதுவும் கீழேதான் போக வேண்டும்.

கீழே போகும் வழியில் பை விழவும் கூடும். பதினைந்து கிலோ பை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தலைகீழாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர். இனி எல்லாம் அது எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றால், அந்தக் கணத்தில் விழும் சராசரி விசை 1500 கிலோ எடைக்குச் சமம். பத்து சென்டிமீட்டரில் நிதானமாக நின்றால் 150 கிலோ. பையின் உச்சியில் இரண்டு துண்டுகளைச் சுருட்டி வைப்பவர் அந்தப் பத்து சென்டிமீட்டரைத்தான் வாங்குகிறார். விலையில்லாத பாதுகாப்பு, பத்தில் ஒரு பங்காக அடியைக் குறைக்கிறது.

அடி எங்கே விழுகிறது என்பது அடுத்த கேள்வி. 14 கிளப்களில் உயரமானது ட்ரைவர். பை தலைகீழானால் மொத்தப் பையின் சுமையும் முதலில் அதன் தலைமேல்தான் இறங்கும். டைட்டானியத் தலை தாங்கிவிடும். தலையும் தண்டும் சேரும் கழுத்தில் முறியும். கிராஃபைட் இழைகள் நீளவாக்கில் இழுத்தால் எஃகுக்குச் சவால் விடும். இழை ஓடும் திசைக்குக் குறுக்கே, ஒரே புள்ளியில் மடக்கினால் சட்டென்று போய்விடும். இதற்குக் கண்டுபிடித்த மருந்து அழகானது: ட்ரைவரைவிட இரண்டு விரற்கடை உயரமான ஓர் உலோகக் கம்பி, பைக்கு நடுவில். பை எப்படி விழுந்தாலும் தரையை முதலில் தொடுவது கம்பிதான். கிளப்கள் அதன் நிழலில் பத்திரமாக நிற்கும். இப்போது வரும் ட்ரைவர்கள் பலவற்றில் தலையைத் திருகிக் கழற்றவும் முடியும். கழற்றித் துணிக்குள் சுற்றி வைத்துவிட்டால் முறிய வேண்டிய கழுத்தே அங்கே இல்லை.

கோலூன்றித் தாண்டுபவரும் இப்படிக் கழற்றி எடுத்துப்போகலாமே? இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

உலக விதிப்படி கோல் எந்தப் பொருளாலும், எந்த நீளத்திலும் இருக்கலாம். ஒரு காலத்தில் அது மூங்கில். வெள்ளியங்கிரி ஏறும் பக்தர்கள் பூண்டி அடிவாரத்தில் கையில் எடுப்பதும் மூங்கில்தான். உள்ளே கூடு, கையில் லேசு, உடலில் வலு. அமெரிக்காவின் கார்னீலியஸ் வார்மர்டாம் 1942-ல் மூங்கிலை ஊன்றி 4.77 மீட்டர் தாண்டினார். அந்த உலகச் சாதனை 1957 வரை நின்றது. மூங்கில் தாங்கும், கொஞ்சம்தான் வளையும். பிறகு கண்ணாடி இழை வந்தது. 1961-ல் அந்தக் கோலோடு 4.83 மீட்டர், 1963-ல் ஐந்து மீட்டர். பதினைந்து ஆண்டுகள் அசையாத எல்லை அடுத்த சில ஆண்டுகளில் ஓடத் தொடங்கிவிட்டது.

காரணம், கண்ணாடி இழைக் கோல் ஓட்டத்தைச் சேமித்து வைக்கிறது. நொடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் ஓடிவரும் ஒருவரின் இயக்க ஆற்றல் முழுவதும் உயரமாக மாறினால், அது அவரை 3.27 மீட்டர் தூக்கும். நிற்கும்போதே உடலின் எடை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே இருக்கிறது. கூட்டினால் 4.27. தமிழ்நாட்டின் ரோஸி மீனா பால்ராஜ் 2022-ல் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் தாண்டிய உயரம் 4.20 மீட்டர். அன்று அவர் கடந்தது தமிழ்நாட்டின் இன்னொரு வீராங்கனையான வி.எஸ்.சுரேகா 2014-ல் வைத்த 4.15 மீட்டரை. அதே குஜராத் போட்டியில் தமிழ்நாட்டின் சுப்பிரமணி சிவா 5.31 மீட்டர் தாண்டி, ஆண்களின் அப்போதைய தேசியச் சாதனையை உயர்த்தினார். இந்த விளையாட்டில் நம் மாநிலத்துக்கு இருக்கும் இடம் பெரியது. வெளியே தெரிந்தது கொஞ்சம்.

கோலின் கதைக்குத் திரும்புவோம். ஓட்டத்தின் ஆற்றல் வளைவாக மாறி, மீண்டும் உயரமாகத் திரும்பி வர வேண்டுமானால் கோல் நுனி முதல் நுனி வரை ஒரே உடலாக வளைய வேண்டும். அதன் சுவர் பல அடுக்குகளாகச் சுற்றிய கண்ணாடி இழைத் துணி. எந்த இடத்தில் எத்தனை அடுக்கு என்பதுதான் கோல் செய்பவரின் ரகசியம். நடுவில் ஓர் இணைப்பு வைத்தால் அந்த இடம் மட்டும் விறைப்பாக நிற்கும். வளைவு அங்கே வந்ததும் முட்டி, விசை முழுவதும் இணைப்பின் ஓரத்தில் குவியும். ஆள் நான்கு மீட்டர் உயரத்தில் தலைகீழாக இருக்கும்போது அது முறியும். காலணியின் ஆணி பட்டு விழும் சின்னக் கீறல்கூட கோலைப் பின்னொரு நாள் முறிக்கக் காரணமாகலாம். அதனால் கோலைக் கழற்றவும் முடியாது, மடிக்கவும் முடியாது, முரட்டுத்தனமாகத் தூக்கிப் போடவும் முடியாது.

ஒரு கோலோடும் விஷயம் முடிவதில்லை. ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வளைதிறன் உண்டு. எவ்வளவு எடைக்கு எவ்வளவு வளையும் என்பதைக் குறிக்கும் எண் அது. நீளமும் தாங்கும் உடல் எடையும் கோலின் மேல் எழுதப்பட்டிருக்கும். குறுக்குக் கம்பி உயர உயர, வீராங்கனை விறைப்பான கோலுக்கு மாறுகிறார். எதிர்க்காற்று அடித்தால் மிருதுவானதுக்கு இறங்குகிறார். ஆகவே போட்டிக்குப் போகும்போது ஐந்தாறு கோல்களாவது ஒரே கட்டாகப் போக வேண்டும். அவற்றில் ஒன்று குறைந்தாலும் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பிரேசிலின் ஃபபியானா மூரர் தன் கோல்களில் ஒன்றைக் காணாமல் மைதானத்தில் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. அடுத்த மூன்றாம் ஆண்டு, 2011-ல், தேகு உலகப் போட்டியில் 4.85 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்.

இனி, அந்த ஐந்து மீட்டர் கட்டு விமானத்தின் கதவருகே வந்துவிட்டது. ஏ320-இன் அடிப்பகுதியில் பெட்டிகள் போகும் இடத்தைச் சரக்கறை என்போம். அதன் கதவு ஏறத்தாழ 1.8 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். உள்ளே அதிகபட்ச அகலம் சுமார் 2.6 மீட்டர். பெட்டிகளை மேலே கொண்டுபோகும் பெல்ட் வண்டி விமானத்துக்கு நேர் செங்குத்தாக வந்து நிற்கிறது. அதில் கோலை வைத்து நேராகத் தள்ளினால் இரண்டரை மீட்டர் உள்ளே போனதும் எதிர்ச்சுவரில் இடிக்கும். பாதிக் கோல் வெளியே தொங்கும்.

வழி சாய்வில் இருக்கிறது. கோலை விமானத்தின் உடலோடு முப்பது பாகைக் கோணத்தில் சாய்த்துப் பிடித்தால், ஐந்து மீட்டர் கோலின் குறுக்கு அளவு இரண்டரை மீட்டராகச் சுருங்கிவிடும். எதிர்ச்சுவரில் முட்டுவதற்குள் பின்நுனியும் கதவைத் தாண்டி உள்ளே வந்துவிடும். அந்தச் சாய்வில் பார்த்தால் கதவின் 1.8 மீட்டர் அகலம் பாதியாக, 90 சென்டிமீட்டராகத் தெரியும். ஒரு கட்டுக் கோலுக்கு அது தாராளம். ஆனால் கதவுக்கு அப்பால், விமானத்தின் நீளவாக்கில், நாலேகால் மீட்டருக்கு மேல் காலி இடம் வேண்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி கதவு எவ்வளவு அகலம் என்பது அல்ல, கதவைத் தாண்டி உள்ளே எவ்வளவு தூரம் போகலாம் என்பது.

ஏ320-இன் சரக்கறைகளுக்கு 1, 3, 4, 5 என்று எண்கள். 2 கிடையாது. நீளமான உடன்பிறப்பான ஏ321-இல்தான் அந்த எண் இருக்கிறது. முன்னறை சுமார் ஐந்து மீட்டர் நீளம், கதவு அதன் பக்கத்தில். கோலுக்குத் தேவைப்படும் தூரம் அங்கே கிடைப்பது அரிது. இறக்கைக்குப் பின்னால் 3, 4, 5 அறைகள் வலைகளால் மட்டும் பிரிக்கப்பட்டு ஒன்றையடுத்து ஒன்று நீள்கின்றன. வலையை அவிழ்த்தால் ஐந்து மீட்டர் கோல் ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குள் படுத்துக்கொள்ளும். மற்ற பெட்டிகளை ஏற்றும் முன்பே அதை ஏற்றியாக வேண்டும். கடைசி நிமிடத்தில் வந்த கோலுக்கு, எடை இடம் கொடுத்தாலும் அடுக்கிய பெட்டிகள் கொடுக்காது.

இதைச் செய்பவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் தெரியுமா? அந்த அறையின் உயரம் 1.24 மீட்டர்தான். வளர்ந்த ஆள் நிமிர முடியாது. லோடர்கள் மண்டியிட்டுத்தான் நகர்கிறார்கள், மண்டியிட்டுத்தான் தூக்குகிறார்கள். ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று உலகெங்கும் விதி இருப்பது அவர்களின் முதுகெலும்பைக் காப்பதற்காக. நம் சாமானை நாமே அந்த உயரத்தில் மண்டியிட்டு ஒருமுறை தூக்கிப் பார்த்தால், அதில் ஒரு கைப்பிடி கூடுதலாகத் தைக்கத் தோன்றும்.

சேலம் காமலாபுரம் போன்ற சிறிய நிலையங்களுக்கு வரும் ஏடிஆர் 72 விமானத்தில் நிலைமை வேறு. அந்த விமானத்துக்கு அடிவயிறே கிடையாது. பயணிகள் அமரும் அதே தளத்தில், அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள சின்ன அறைகளில் பெட்டிகள் போகின்றன. கோல்ஃப் பை நிற்கும், கோல் நுழையாது. சரி, பெரிய விமானத்தில் போகலாம் என்று நினைத்தால் அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. கடல் கடக்கும் அகலமான விமானங்களில் பெரும்பாலான பெட்டிகளைத் தனித்தனியாக அடுக்குவதில்லை. ஏற்கெனவே அடைத்த அலுமினியக் கூண்டுகளையும் தட்டுகளையும் அப்படியே உருட்டி ஏற்றுகிறார்கள். பரவலாகப் பயன்படும் கூண்டின் அடிப்பகுதி ஒன்றரை மீட்டரை ஒட்டிய சதுரம். பெரிய தட்டின் நீளம் 3.18 மீட்டர். அறை முழுவதும் இடம் கிடந்தாலும், அந்த இடம் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. உள்ளூர்ப் போட்டிக்குச் சிறிய ஏ320-இல் பறந்த கோல், உலகப் போட்டிக்குப் பெரிய விமானத்தில் ஏற முடியாமல் நிற்பது இதனால்தான்.

சைக்கிள் எடுத்துப் போகிறவர்களிடம் டயரில் காற்றை இறக்கச் சொல்வார்கள். மேலே போனால் வெடித்துவிடும் என்பது நம்பிக்கை. கணக்கு வேறு சொல்கிறது. சரக்கறையும் பயணியர் அறையும் ஒரே காற்றழுத்தத்தில் இருக்கின்றன. உச்சத்தில் பறக்கும்போது அந்த அழுத்தம் தரைமட்ட அழுத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குக் கீழே இறங்குவதில்லை. நூறு பிஎஸ்ஐ காற்றடித்த டயருக்கு அது நூற்று நான்கு மாதிரி தெரியும், அவ்வளவுதான். முழு வெற்றிடத்திலேயே வைத்தாலும் நூற்றுப் பதினைந்தைத் தாண்டாது. விதி கேட்டால் இறக்கிவிடுங்கள், ஆனால் பயப்பட வேண்டாம்.

பெட்டிகளுக்கு எதற்காக மனிதர்களுக்குச் சமமான அழுத்தம்? விமானத்தின் உடல் உருண்டைக் குழாய். உள்ளிருந்து தள்ளும் காற்றை உருண்டைச் சுவர் எளிதாகத் தாங்கும். நடுவில் குறுக்கே போகும் தட்டையான தளம் தாங்காது. மேலே அழுத்தமும் கீழே வெற்றிடமும் இருந்தால் தளம் நொறுங்கும். 1974 மார்ச் 3 அன்று பாரிஸ் அருகே துருக்கி விமானம் ஒன்றின் பின்புறச் சரக்குக் கதவு நடுவானில் திறந்துகொண்டது. கீழே அழுத்தம் சட்டென்று போக, மேல்தளம் இடிந்து, அதனூடே ஓடிய கட்டுப்பாட்டுக் கம்பிகள் அறுந்தன. 346 பேர் இறந்தார்கள். அதன் பிறகு தளங்களில் காற்று வழிகளும் கதவுப் பூட்டுகளில் மாற்றங்களும் வந்தன. இன்று 11 கிலோமீட்டர் உயரத்தில் ஏ320-இன் ஒரு சரக்குக் கதவை உள்ளிருந்து தள்ளும் விசை சுமார் 12 டன். போளுவாம்பட்டிக் காட்டிலிருந்து தொண்டாமுத்தூர் வயல்களுக்கு இறங்கிவரும் ஆண் யானைகளில் மூன்று சேர்ந்து நிற்பது போன்ற எடை. கோலும் கோல்ஃப் பையும் அந்தக் கதவுக்குப் பின்னால் நிம்மதியாகப் படுத்திருக்கின்றன.

எடையைப் பற்றி ஆரம்பத்தில் குறைத்துச் சொல்லிவிட்டேன். அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. 37 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஏ320-இன் எடை மையம், முன்னும் பின்னும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மீட்டர் எல்லைக்குள் இருந்தே ஆக வேண்டும். பறப்பதற்கு முன் எந்த அறையில் எவ்வளவு என்று கூட்டி, மையம் எங்கே விழுகிறது என்று காட்டும் தாள் விமானியின் கைக்குப் போகிறது. இதைச் சமநிலைத் தாள் எனலாம். பதினைந்து கிலோ கோல்ஃப் பையை மையத்திலிருந்து பத்து மீட்டர் பின்னால் வைத்தால், எழுபது டன் விமானத்தின் மையம் இரண்டு மில்லிமீட்டர் நகரும். யாருக்கும் தெரியாது. ஒரு கிரிக்கெட் அணி தன் நாற்பது கிட் பைகளோடு வந்து, எல்லாம் ஒரே பின்னறைக்குப் போனால் எட்டரை சென்டிமீட்டர் நகரும். அது தாளில் எழுதப்பட வேண்டிய எண்.

ஒன்றை மட்டும் எந்தக் கணக்காலும் ஏற்ற முடியாது: பெரிய லித்தியம் பேட்டரி. மின்சார சைக்கிளின் பேட்டரி பெரும்பாலும் முந்நூறு வாட்-மணி நேரத்துக்கு மேல். பயணி கொண்டுபோகக்கூடிய உச்சம், முன் அனுமதியோடு, 160. சரக்கறையில் தீப்பிடித்தால் வாயுவைப் பீய்ச்சி அணைக்கும் ஏற்பாடு இருக்கிறது. லித்தியம் பேட்டரி சூடேறி எரியத் தொடங்கினால், அதன் உள்ளேயே நடக்கும் வேதிவினையை அந்த வாயு நிறுத்தாது. அதனால் உதிரி பேட்டரிகள் கையோடு மேலே வர வேண்டும், பெரியவை வரவே கூடாது.

விமானம் கைவிட்டால் ரயில். இங்கேயும் அதே மூலைக் கணக்கு. பெட்டிக் கதவின் நடைபாதையில் ஐந்து மீட்டர் கோல் திரும்பாது. அதனால் நம் வீரர்கள் கோலை ரயிலின் ஜன்னல் கம்பிகளில் வெளிப்புறமாகக் கட்டிக்கொண்டு நாடு முழுவதும் போயிருக்கிறார்கள். வெயில், தூசி, எதிர்வரும் ரயிலின் காற்று எல்லாம் அதன்மேல். கீறல் விழக் கூடாத பொருளுக்கு இதைவிட மோசமான பயணம் இல்லை. இப்போது பலர் தோட்டத்துக்குப் போடும் ஆறு மீட்டர் பி.வி.சி. பைப்பையே உறையாக்கிக் கோல்களை அதற்குள் நுழைத்து, இரு முனையையும் மூடி அனுப்புகிறார்கள். நல்ல யோசனை. கீறலைத் தடுக்கும், கதவைப் பெரிதாக்காது.

இந்தக் கஷ்டத்தைக் குறைக்க இரண்டு காரியங்கள் போதும் என்று நினைக்கிறேன். முதலாவது, மாநிலத்தின் பெரிய மைதானங்களில், கோவை நேரு விளையாட்டரங்கம் உட்பட, பல நீளத்திலும் வளைதிறனிலும் ஒரு தொகுதிக் கோல்களை வாங்கி வைத்து, போட்டிக்கு வருபவர்களுக்குக் கடனாகத் தரலாம். இரண்டாவது, விமான நிறுவனங்கள் எந்த விமானத்தில் எவ்வளவு நீளம் ஏறும் என்பதை டிக்கெட் வாங்கும் இடத்திலேயே எழுதிவைக்கலாம். விமானம் செய்தவர்களிடம் அந்த எண்கள் இருக்கின்றன. அவை கோலோடு கவுண்டரில் நிற்கும் பதினெட்டு வயதுப் பெண்ணை எட்டுவதில்லை.

அதுவரை, உங்கள் வீட்டுப் பிள்ளை பெரிய சாமானோடு போட்டிக்குக் கிளம்பினால், டிக்கெட் எடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: எந்த வகை விமானம், பெட்டிகளைத் தனியாக அடுக்குவார்களா கூண்டில் ஏற்றுவார்களா, எத்தனை சென்டிமீட்டர் வரை ஏற்றுவார்கள். பதிலை எழுத்தில் வாங்கி, அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.